கற்பகத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்

கற்பகத்தைச் சாகடித்துவிடலாம் என்று நான் முடிவு செய்தபோது டவுன் பஸ் காவிரிப் பாலத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பழுதாகிவிட்டதாம். டிரைவர் இன்ஜினை அணைத்ததும், அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்டது, யாரோ கடலை உடைப்பது, பின்சீட்டில் ஒரு குழந்தை விக்குவது, என் நெஞ்சு அடித்துக்கொள்வது. மணி மூன்று இருபது. நான்கு மணிக்குத் தில்லைநகரில் சுபாஷிணியின் அறையில் இருக்க வேண்டும். மனநல ஆலோசகர் என்று வாசலில் போர்டு போட்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு முப்பத்துமூன்று முப்பத்துநாலு வயதுதான் இருக்கும். போன சனிக்கிழமை நான் எழுந்து கிளம்பும்போது சொன்னாள், "அடுத்த வாரம் கற்பகத்தையும் கூட்டிக்கிட்டு வாங்களேன் மேடம். அவங்களுக்குச் சம்மதம்னா. உங்களை இவ்வளவு தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இருந்தா நமக்கு ரொம்ப உதவியா இருக்கும்." நானும் தலையை ஆட்டினேன். "கேட்டுப் பார்க்கிறேன்" என்று வேறு சொன்னேன். யாரைக் கேட்பது? கற்பகம் என்று ஒருத்தி கிடையாது. ஒன்பது வாரமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் கற்பகம், உறையூரில் இருக்கிற கற்பகம், டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற கற்பகம், போன் பண்ணாமல் நேரே வந்து நின்று ஃப்ரிட்ஜைத் திறந்து "என்னடி இது, முந்தாநாள் சாம்பாரா?" என்று கேட்கிற கற்பகம், அப்படி ஒருத்தி உறையூரிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பொய் சொல்லுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்லுவார்களோ என்னவோ.

முதல் நாள் சுபாஷிணி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். பெயர், அமிர்தவல்லி. வயது, ஐம்பத்துநாலு. வேலை, கல்லூரி அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். கணவர், இல்லை, இறந்து மூன்று வருஷம். பிள்ளைகள், ஒரு பையன், புனேயில். எல்லாவற்றுக்கும் சட்சட்டென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தேன், எனக்குப் படிவம் புதிதா என்ன. அடுத்து, "மனசு விட்டுப் பேசுறதுக்கு யார் இருக்காங்க உங்களுக்கு?" என்றாள். கேட்டுவிட்டுப் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பேனா முனை அந்தக் கோட்டின் மேல் ஒரு சின்னப் புள்ளி வைத்தது. இருபத்தெட்டு வருஷமாக எத்தனை பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டியிருக்கிறேன், காலியாக விடக்கூடாது, நிரப்பிக் கொண்டு வா என்று. தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்று, அந்த இடத்தில் என்ன மேடம் எழுதுறது என்று கேட்டபோதுகூட முகத்தைப் பார்க்காமல் ஏதாவது எழுது என்றுதான் சொன்னேன். இப்போது என் கோடு காலியாகக் கிடந்தது. "கற்பகம்" என்று என் வாய் சொன்னது. சொன்னதும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு வெளிச்சம், அப்பாடா என்பது மாதிரி. அந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. அடுத்த வாரம் அவளே கேட்டாள், "தூக்கம் வரலைன்னு கற்பகத்துகிட்ட சொன்னீங்களா?" சொன்னேன் என்றேன். "என்ன சொன்னாங்க?" நான் யோசிக்கவே இல்லை, "எனக்கு மட்டும் வருதாக்கும், வா ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சிருப்போம்னு சொன்னா" என்றேன். சுபாஷிணி சிரித்துவிட்டாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற பழக்கம் அவளுக்கு. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து கற்பகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்துகொண்டு போனேன். அவளுக்கு முழங்கால் வலி வந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரு புடவை நிறத்தை வைத்துச் சண்டை வந்து நாலு நாள் பேசாமல் இருந்தோம். அந்த நாலு நாளும் எனக்கு நிஜமாகவே வீடு வெறிச்சென்று இருந்தது. போன மாதம் பெரிய கடைவீதியில் கிளிப்பச்சை ரவிக்கைத் துணி ஒன்றைப் பார்த்ததும் இது கற்பகத்துக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்து வாங்கிக்கூட வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்த பிறகுதான் பயம் பிடித்தது. புத்தி பிசகுகிறதோ? பிசகவில்லை, எனக்குத் தெரியும். பரிசு வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கற்பகத்தின் சிரிப்பு மட்டும் நான் உண்டாக்கியது இல்லை. கற்பகம் சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று சுபாஷிணியிடம் சொல்லியிருந்தேன், அது பிலோமினாவின் சிரிப்பு. ஆபீஸில் என் அறைக்கும் மற்றவர்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பிலோமினா தேர்வுப் பிரிவு. மத்தியானம் ஒரு மணிக்கு அவர்கள் நாலு பேர் மேசைகளைச் சேர்த்துப் போட்டு டப்பாக்களைத் திறப்பார்கள். கண்ணாடி வழியே சத்தம் வராது, பிலோமினாவின் சிரிப்பு மட்டும் வரும். நான் சூப்பரின்டென்டென்ட் ஆன புதிதில், ஒன்பது வருஷம் இருக்கும், அவள் கதவைத் தட்டி, "மேடம், எங்களோட வந்து சாப்பிடுங்களேன், மீன் குழம்பு கொண்டாந்திருக்கேன்" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். வேலை எதுவும் இல்லை. அப்போது வீட்டில் அவர் பக்கவாதத்தில் விழுந்து முதல் வருஷம். யாராவது அன்பாக ஒரு வார்த்தை பேசினால் உடைந்துவிடுவேன் என்று இருந்தது, ஆபீஸில் உடையக் கூடாது என்று இருந்தது. பிறகு அவள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடப் போகிறாள்? ஆறு வருஷம் அவருக்குப் பல் தேய்த்துவிட்டு, தலை துவட்டிவிட்டு, மேல் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டு ஆபீஸ் வந்தேன். அவருக்குப் பேச்சு போயிருந்தது. முதலில் நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் வாசலில் நின்று கேட்பார்கள், எப்படி இருக்கே அமிர்தம்? நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன், வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். பையன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "எப்படிம்மா இருக்கீங்க?" ஒரு தடவை துணிந்து, "என்னமோ படபடன்னு வருதுப்பா, தனியா இருக்கிறப்ப" என்றேன். திங்கட்கிழமை காலையில் ரத்தம் எடுக்க லேப்பிலிருந்து ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். என் பிள்ளை நல்லவன். அவன் அனுப்பியது தப்பில்லை, எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை. மார்ச் மாதம் ஆபீஸிலேயே மூச்சு முட்டி நாற்காலியில் சாய்ந்தபோது கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு முதலில் ஓடி வந்தது பிலோமினாதான். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உள்ளங்கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. ஒரு மனுஷக் கை என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று, செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்தது மனசு. இருதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, சுபாஷிணியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மறுநாள் பிலோமினாவுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து "ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். அவள் பாக்ஸையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "பரவால்ல மேடம்" என்று வாங்கிக்கொண்டு போனாள். என்னவோ அபராதம் கட்டியதுபோல் இருந்தது எனக்கு.

பஸ் நகரவில்லை. சரி, கற்பகம் எப்படிச் சாவாள்? செவ்வாய்க்கிழமை காலை. மாரடைப்பு வேண்டாம், எனக்கு நெஞ்சு என்றாலே பயம். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். எனக்குப் போன் வந்தது. நான் போனபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், அவள் மகள் வந்து சேரவில்லை, அவளுக்கு மகள் உண்டா, உண்டு, ஓசூரில். பவுடர் அப்பாத கற்பகத்தின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்காலில் எண்ணெய் வாசனை. திங்கட்கிழமை சாயங்காலம் பேசும்போது, "நாளைக்கு வரேன், வெண்டைக்காய் வாங்கி வை" என்று சொன்னாள். வாங்கி வைத்திருந்தேன். இந்த இடத்தில்தான் அது நடந்தது. வெண்டைக்காய் என்று நினைத்ததும் கன்னம் நனைந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. அவர் போனபோது அழவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஐஸ் பெட்டிக்கும் வேனுக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். இப்போது பட்டப்பகலில், கூட்டமான பஸ்ஸில், இல்லாத ஒருத்தி செத்ததற்கு விக்கி விக்கி அழுதேன். கர்ச்சீப் போதவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் ஒரு வாழையிலைக் கட்டு, காலடியில் இன்னொன்று, மார்க்கெட்டுக்குப் போகிறவள். "என்னம்மா ஆச்சு?" என்றாள். வாய் திறந்து, "என் சிநேகிதி இறந்துட்டாங்க" என்றேன். "அட கடவுளே" என்று இலைக் கட்டைச் சட்டென்று கீழே இறக்கி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள். பச்சை இலை வாசனையும் வேர்வை வாசனையும் வந்தது. "அழுங்க, நல்லா அழுங்க. இங்க யாரு பாக்கப் போறா." முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள், குழந்தையைத் தட்டுகிற மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் முழுசாகச் சாய்ந்துவிட்டேன். ஒன்பது வாரம் சுபாஷிணி எதிரே அந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அழகாகப் பேசி, சிரிக்க வைத்தும் எனக்குக் கிடைக்காதது இதுதானா? அங்கேயும் கிடைத்திருக்கும். அந்தப் பெண் தரத் தயாராகத்தான் இருந்தாள், கற்பகத்துக்குத் தந்துகொண்டிருந்தாள், எனக்கென்று தருவதற்கு நான் அங்கே போகவே இல்லை. இலைக்காரம்மாள் கேட்டாள், "பேரு என்னம்மா அவங்களுக்கு?" "கற்பகம்." "நல்ல பேரு. நாளைக்குக் காலையில கோயிலுக்குப் போவேன், அவங்க பேரைச் சொல்லி ஒரு விளக்கு போட்டுடறேன்." வேண்டாம் என்று சொல்ல வந்தேன். சொல்ல முடியவில்லை. அவள் முகத்தில் நிஜமான துக்கம் இருந்தது, என் துக்கத்தில் பாதியை எடுத்து அவள் வைத்துக்கொண்டிருந்தாள், அது வெறும் காற்று என்று எப்படிச் சொல்வது? பஸ் கிளம்பிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது. நான் இறங்கினேன். ஜன்னல் வழியே அவள் கையை நீட்டி என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். "வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடுங்க." நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கன்னமெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. ஒரு நல்ல மனுஷியிடம் திருடிவிட்டேன். இனிமேல் கற்பகத்தைச் சாகடிக்க முடியாது. வாழவைக்கவும் முடியாது.

ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்திருந்தபோது பயம் வேறு மாதிரி வந்தது. சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்? பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனிமே உங்களுக்கு வேற டாக்டர்தான் சரி" என்பாள். அப்புறம் சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் எங்கே போவேன்? வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் புடவைக்கு இஸ்திரி போடுகிறேன். திரும்பிப் போய்விடலாமா, தலைவலி என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். கால்கள் பாட்டுக்குப் பல் டாக்டர் கிளினிக்கைத் தாண்டி மாடிப்படி ஏறின. சுபாஷிணி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். "அவங்க வரலையா?" நான் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழகாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். நின்றுகொண்டே சொன்னேன், "கற்பகம்னு யாரும் இல்லை. நான் சொன்னது எல்லாம் பொய். எனக்குன்னு யாரும் இல்லை. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் பேனாவை எடுக்கவில்லை. வழக்கமாக, ம்ம், அது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும் என்று சொல்வாளே, அதைச் சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது. கீழே பல் டாக்டரிடம் யாரோ கொப்பளித்துத் துப்பினார்கள். "எல்லாமேவா?" என்றாள் கடைசியில். "புடவைச் சண்டை?" "அதுவும்." "சேர்ந்து முழிச்சிருப்போம்னு சொன்னது?" "அதுவும்தான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குக் கோபம் வருது மேடம். மறைக்கத் தெரியலை. கொஞ்சம் இருங்க." நான் இருந்தேன். கோபப்படட்டும். என்மேல் ஒருத்தர் கோபப்பட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. அந்தக் கோபத்தின் பக்கத்தில் நிற்க எனக்குப் பயமாகவும் இருந்தது, விட்டுப் போக மனசில்லாமலும் இருந்தது. அவள் திரும்பினாள், கண் ஓரம் ஈரம். "ஒண்ணு சொல்றேன், இதைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியலை. நீங்க போனப்புறம் ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போறப்ப நான் கற்பகத்தை நினைச்சுக்குவேன். எனக்கு அப்படி ஒருத்தி இல்லையேன்னு இருக்கும். உங்களைப் பார்த்துப் பொறாமையா இருக்கும். நாள் பூரா எல்லாரும் சொல்றதைக் கேக்குறேன், என்கிட்ட வந்து முந்தாநாள் சாம்பாரான்னு கேக்க ஆளில்லை." சொல்லிவிட்டு உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்து இல்லாதவளுக்கு ஏங்கியிருக்கோம்" என்றேன் நான். யோசித்துச் சொன்னது இல்லை, வந்துவிட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, பேனா மூடி இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் இனிமே வரலாமா?" என்று கேட்டேன். "இன்னைக்குத்தானே மேடம் வந்திருக்கீங்க" என்றாள்.

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்தேன். நாற்காலியின் கைப்பிடியில் ரெக்சின் கிழிந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரைப் பற்றிச் சொன்னேன். பல் தேய்த்துவிடும்போது ஒருநாள் என் விரலை அவர் கடித்துவிட்டார், வேண்டுமென்றே இல்லை, தாடை இறுகிவிட்டது. நான் பளாரென்று கன்னத்தில் அடித்துவிட்டேன். பேச்சில்லாத மனுஷன், பார்த்துக்கொண்டே இருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை. கற்பகத்திடம்கூடச் சொன்னதில்லை. பொய்யாக உண்டாக்கிய சிநேகிதியிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்திருக்கிறது, பாருங்கள். சுபாஷிணி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து மணி ஆயிற்று. எழுந்தபோது, "உங்களுக்கு நிஜமாவே யாரும் இல்லையா மேடம்?" என்றாள். படிவத்துக்காகக் கேட்ட மாதிரி இல்லை. "தெரியலை" என்றேன். அதுதான் உண்மை.

வெளியே வந்தால் வெயில் தணிந்திருந்தது. படிக்கட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு போனை எடுத்தேன். பிலோமினா, தேர்வுப் பிரிவு என்று சேர்த்து வைத்திருக்கிறேன். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே அந்த எண்ணை ஒருநாளும் அழுத்தியதில்லை. மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது, எடுக்காமல் போய்விடுவாளோ என்றும் இருந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தாள். குரலில் பதற்றம், "மேடம்? சொல்லுங்க மேடம். ஆபீஸ்ல எதாவது பிரச்சினையா?"

"இல்லை."

"உடம்பு முடியலையா? எங்க இருக்கீங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பின்னால் எண்ணெயில் எதுவோ பொரிகிற சத்தம், டிவி சத்தம், யாரையோ அவள் கையைக் காட்டி அதட்டியிருக்க வேண்டும், டிவி அடங்கியது. என்ன சொல்வது? ஒரு காரணம் வேண்டாமா? சுற்றறிக்கை, விடுப்பு, கையெழுத்து, எதுவுமே இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

"சும்மாதான் கூப்பிட்டேன் பிலோமினா. பேசணும்போல இருந்துச்சு."

துண்டித்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடியும் காதில் வைத்தேன்.

"இருங்க மேடம்" என்றாள் பிலோமினா, "அடுப்பை அணைச்சிட்டு வரேன்."